சாய்தளம்

சாய்தளம் முழுக்க சைக்கிள்கள் நின்றன.

ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றின் முன்சக்கரத்துக்குள்ளும் ஒரே கம்பிவடம் நுழைந்து, சாய்தளத்தின் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தது.

வராந்தாக் கடிகாரத்தில் மணி எட்டு நாற்பத்தாறு.

ஒன்பதுக்குத் தேர்வு மையத்தின் கம்பிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். பிறகு யார் வந்தாலும் திறக்கமாட்டார்கள். கதவு அந்தச் சாய்தளத்தின் உச்சியில் இருந்தது. பக்கத்தில் மூன்று படிகள்.

“ஏட்டி, நேத்து இது காலியாத்தான கெடந்துச்சு?” என்றாள் சுப்ரஜா.

ஆமாம். நேற்று மாலையே ஆட்டோ பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தோம். எந்த இடத்துக்குப் போவதானாலும் முதல் நாளே வழி பார்த்தாக வேண்டும் அவளுக்கு. உயரம் ஒன்றரை அடி, நீளம் பதினெட்டு அடி. கட்டியவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது என்று மெச்சினாள். அவள் சக்கர நாற்காலியை வராந்தாவில் ஒருமுறை திருப்பியும் பார்த்தோம்.

நேற்று எதிரே மைதானத்தில் இந்தப் பந்தல் இல்லை.

சென்னையிலிருந்து புன்னக்காயல் வரை, மாற்றுத்திறனாளிகளுக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணம். இன்று ஏழாவது நாள், கடைசி நாள். இங்கே ஆழ்வார்திருநகரியில் காலைச் சாப்பாடு, சிறு விழா. பந்தலில் கட்டியிருந்த பதாகையில் எல்லாம் எழுதியிருந்தது.

சுப்ரஜா அதை முழுதும் படித்தாள்.

“எனக்காக அறுநூத்தம்பது கிலோமீட்டர் மிதிச்சு வந்திருக்காவ. பதினெட்டு அடி விடமாட்டாவளாமா? போய்ச் சாவியக் கேளுட்டி.”

இந்தத் தேர்வுக்காக இரண்டு வருடம் படித்தாள். காலை நான்கு மணிக்கு எனக்குப் போன் செய்து கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் திட்டு விழும். சரியாகச் சொன்னாலும், ஏன் இவ்வளவு நேரம் என்று திட்டு விழும். கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் மூன்று வருடம் ஒரே பெஞ்ச். அப்போதும் அவள்தான் கேட்பாள், நான் சொல்வேன்.

பந்தலுக்குப் போனேன். மஞ்சள் பனியன் போட்டவர்கள் பொங்கல் தட்டுகளோடு நின்றார்கள். ஒருவரிடம் சாவியைப் பற்றிக் கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டிச் சக்கர நாற்காலியைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, வந்துட்டாவ வே!” என்று மேடையை நோக்கிக் கத்தினார்.

மேடையில் பாலிதீன் உறை பிரிக்காத புது நாற்காலி ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் வரவில்லை போல.

இல்லை, இவள் அவளில்லை என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குள் நான்கு பேர் ஓடிப்போய் அவளை நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள்.

“எங்க கொண்டு போறீய? எனக்குப் பரீட்சை இருக்கு!”

“பயப்படாத தாயி. பையத்தான் தூக்குதோம்.”

பழகிய கைகள். துளிகூடக் குலுங்கவில்லை. மேடையின் உயரம் எப்படியும் மூன்றரை அடி இருக்கும்.

எட்டு ஐம்பத்து மூன்று.

சங்கரசுப்பிரமணியன் என்பவர்தான் பயணத்தின் தலைவர். பொன்னாடை போர்த்தினார். சுப்ரஜா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். அவர் குனிந்தார்.

அப்போது கீழே இருந்தவர்கள் எல்லோரும் பையிலிருந்து சின்னச் சின்ன வெண்கல மணிகளை எடுத்து ஆட்டத் தொடங்கினார்கள். வழியில் ஒவ்வோர் ஊரிலும் அவர்கள் செய்யும் மரியாதையாம் அது. ஒரு நிமிடம் முழுதாக.

அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

“தங்கச்சிக்கு அழுகை வந்துட்டு. பேச முடியல, பாருங்க,” என்றார் அவர் ஒலிவாங்கியில். இன்னும் ஒரு நிமிடம் ஆட்டினார்கள்.

பக்கத்தில் நின்றவரின் சட்டையைத் தொட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார்.

எட்டு ஐம்பத்தேழு.

வராந்தாவில் காவலர் சாவிக்கொத்தோடு எழுந்து நின்றார். கடைசியாக ஒரு பையன் படிகளில் தாவி ஏறி உள்ளே போனான்.

சுப்ரஜா என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். மணிச் சத்தத்துக்கு நடுவே கையை வாயருகே கொண்டுபோய் விரித்துக் காட்டினாள்.

கத்து.

மேடைக்கும் எனக்கும் பத்தடிதான். ஏறிப்போய் அந்த ஒலிவாங்கியைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நாலு பேர் தூக்கினால் வராந்தாவுக்கு இரண்டு நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். இருந்ததும் இரண்டு நிமிடம்தான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்றும் நினைத்தேன்.

அவள் கை இன்னும் இறங்கவில்லை.

எட்டு ஐம்பத்தொன்பது.

கையிலிருந்த கோப்பைத் திறந்தேன். சுப்ரஜாவின் ஹால் டிக்கெட்டை எடுத்து மேடையின் ஓரத்தில் வைத்தேன். காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் வாழைப்பழத்தை வைத்தேன்.

கோப்பில் மிச்சமிருந்த என்னுடையதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மூன்று படிகள்தான்.