இன்ஸ்பெக்சன் முறுக்கு

ஆறுமுகத்தாயை இன்றோடு வேலையைவிட்டு நிறுத்திவிடுவது என்று கணேசபாண்டியன் முடிவு கட்டிவிட்டான்.

பின்னே என்ன? அவன் வேலை பார்க்கும் விக்ரோலி பேக்டரியில், ஜெர்மனி போய்வந்த ஆபீசர் 'இன்ஸ்பெக்சன்' கொண்டுவந்தார். கழிவு பாதியாகக் குறைந்தது. அதை அப்படியே தாராவிக்குத் தூக்கிவந்து, பெண்டாட்டி சண்முகவடிவின் முறுக்குத் தொழிலில் நுழைத்தான் இவன். சுற்ற ஒருத்தி, சுட ஒருத்தி, கடைசியில் சரிபார்க்க ஆறுமுகத்தாய்.

உடைந்த முறுக்கு, சரக்கு எடுக்கும் மாட்டுங்கா கடைக்குப் போகக்கூடாது. அதைச் சரிபார்க்கிறவளே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசிச் சட்டம் மட்டும் சண்முகவடிவு சேர்த்தது.

அங்கேதான் வந்தது வினை. உடைசல் நாளுக்கு நாள் கூடியது. சாயங்காலமானால் ஆறுமுகத்தாயின் மடி நிறைந்தது. புருஷன் விட்டுப்போனவள், மூன்று பிள்ளைகள், பாவம்தான். அதற்காக வேண்டுமென்றே உடைக்கலாமா?

கையும் களவுமாகப் பிடிக்க, லீவு போட்டுவிட்டுச் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்றான்.

ஆறுமுகத்தாய் ஒன்றையும் உடைக்கவில்லை. பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல ஒவ்வொன்றாக எடுத்து டின்னில் அடுக்கினாள். பிறகு தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம், சண்முகவடிவு ஒரு முறுக்கை எடுத்துப் படக்கென்று ஒடித்தாள். அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த இசக்கி தன் பங்குக்கு இரண்டு. எல்லோருக்கும் சிரிப்பு வேறு.

கணேசபாண்டியன் பெண்டாட்டியைத் தனியே இழுத்துப்போனான். "ஏட்டி, நம்ம சரக்கை நாமளே உடைக்கலாமா?"

"சும்மா குடுத்தா அவ வாங்குதாளா? அன்னைக்குக் குடுத்த அரிசியத் திருப்பிக் கொண்டாந்து வச்சிட்டா. ஒங்க பேக்டரியில உடைஞ்சத எடுக்காங்க. நாங்க எடுக்கதுக்காவ உடைக்கோம். சட்டம் ஒங்க சட்டந்தான்."

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது.

குடத்தோடு திரும்பிய ஆறுமுகத்தாய் உடைசலைப் பார்த்து முகம் வாடினாள். "அண்ணாச்சி, நான் வந்த பொறவுதான் இம்புட்டு உடையுது. என் கைராசி சரியில்ல. நாளையிலேருந்து நின்னுக்கிடுதேன்."

பேக்டரியில் இன்றுவரை ஒரு திருகாணியைக்கூடக் கைதவறவிடாத கணேசபாண்டியன், சூடான முறுக்குத் தட்டைக் கையில் எடுத்தான். தொப்பென்று போட்டான்.

"பாத்தியா தாயி, இங்க யாரு கையும் சரியில்ல," என்றான். "நீயும் நின்னுட்டா கடைக்காரன்கிட்ட எங்க மானம் என்னத்துக்கு ஆவும்?"