அழுக்குப் படாத விமானம்

"அழுக்கை எங்க தம்பி காணோம்?" என்று கேட்டாள் ஈஸ்வரியம்மாள்.

மாயக்கண்ணனுக்குச் சுருக்கென்றது. காரைக்குடியில் அவனுக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த அழுக்குதான்.

முழ நீளத்துக்குள் அடங்கும் மாதிரிப் போர் விமானங்களைத் துண்டு துண்டாக ஒட்டி, வர்ணம் அடித்து, பளபளவென்று ஆக்குவான். பிறகு அந்தப் பளபளப்பைக் கெடுக்க உட்கார்ந்துவிடுவான். வால் குழாயைச் சுற்றிக் கரித்தூள், இறக்கை இடுக்குகளில் எண்ணெய்க் கசிவு, விமானி ஏறுகிற இடத்தில் பூட்ஸ் உரசிய தேய்மானம். ஆபீஸ் விட்டு வந்தால் இதே வேலைதான்.

காசு கொடுத்து வாங்கிக் கரியைப் பூசுகிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று அவன் மனைவி ரோகிணி உறவுக்காரர்களிடம் கேட்டுச் சிரிப்பாள்.

ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் அந்த விமானங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஈஸ்வரியம்மாள் சாக்கோட்டையிலிருந்து அவனைத் தேடி வந்தாள். மகன் முத்தரசு ஓட்டிய விமானத்தைச் செய்து தரச் சொன்னாள். விமானம் விழுந்து மகன் போய்ப் பல வருஷம் ஆயிற்று என்பதையும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அவள் கொடுத்த போட்டோவில் விமானத்தின் வாலில் எழுதியிருந்த எண்ணை வைத்துக்கொண்டு மாயக்கண்ணன் துருவித் துருவித் தேடினான். எந்த விமானமானாலும் அவன் அப்படித்தான். உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். இல்லாத கறை ஒன்றைக்கூட வைக்க மாட்டான்.

தேடியதில் தெரிந்தது, அது தை மாதம் படையில் சேர்ந்திருக்கிறது. அதே வருஷம் ஆடியில் விழுந்திருக்கிறது.

அழுக்காக அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

வர்ணம் காய்ந்த அன்று, கரித்தூள் டப்பாவை எடுத்தவன் அப்படியே மூடி வைத்துவிட்டான். பெற்றவளுக்குப் பொய்யாக ஒரு பொட்டுக் கரிகூடக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தான். இத்தனை வருஷத்தில் அவன் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான்.

இப்போது அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? அது புதுசாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டதாகச் சொல்லி மென்று விழுங்கினான்.

அவள் மேசையில் இருந்த விமானத்தைக் குனிந்து, விரல் படாமல், சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

நிலைமையைச் சமாளிக்க ரோகிணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். புது வண்டி வாங்கினால் பிள்ளையார்பட்டிக்கு ஓட்டிப் போய்ப் பொட்டு வைத்துப் பூசை போடாமல் இந்தப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டை விட்டுப் போகிற விமானத்துக்கும் மூக்கில் ஒரு பொட்டு வைத்து அனுப்பலாம் என்பது அவள் நினைப்பு. நல்ல மனசோடுதான் கையை நீட்டினாள்.

ஈஸ்வரியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொட்டு வேணாம் ஆத்தா. புதுசாவே போயிருச்சேன்னுதான் நான் கெடந்து வேகுறேன்."

ரோகிணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

தையும் ஆடியும் இந்த அம்மாளுக்குத் தெரியாமலா இருக்கும்? தான்தான் கண்டுபிடித்ததாக நினைத்திருந்த மாயக்கண்ணனுக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் கேட்பது என்னவென்று மெல்லத்தான் உறைத்தது. கரி பிடித்த விமானம் என்றால் பறந்துவிட்டுத் தரைக்கு வந்த விமானம். எண்ணெய் கசிந்தது என்றால் மறுநாளும் வந்தது. தேய்ந்தது என்றால் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு காலமாக அவன் பூசிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. எத்தனை வருஷம் ஓடின மாதிரி வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

ஈஸ்வரியம்மாள் யோசிக்கவே இல்லை.

"முத்தரசு ரிட்டயராகி வீட்டுக்கு வார அன்னைக்கு அது எப்படி இருக்குமோ, அப்படிப் பூசிக் குடுங்க தம்பி."