எல்லா சைட்டிலும் அதே பாப்பா

"முன்னாடி செஞ்ச சைட்டையெல்லாம் காட்டுங்க தம்பி. மொதல்ல செஞ்சதுல இருந்து ஆரம்பிங்க" என்றார் முதலாளி ஆறுச்சாமி.

ஆரோக்கியராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கீபோர்டை இழுத்துக்கொண்டான். பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்துகொடுத்துத்தான் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது. எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவன்தான். ஆனால் இந்த அறையில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிரில் இருப்பவரை சார் என்பதா, முதலாளி என்பதா என்று தெரியாமல், வந்ததிலிருந்து எப்படியும் கூப்பிடாமலே சமாளித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அவன் மனைவி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனுக்காகக் காத்திருக்கிறாள். இங்கே மட்டும் காரியம் கைகூடிவிட்டால் போதும், மற்ற வேலையெல்லாம் போனால் போகட்டும் என்றுதான் வந்திருந்தான்.

பக்கத்தில் நின்ற மேனேஜர் ரத்தினசாமிக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. குழந்தைகள் உடுப்பை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. அதன் சைட்டுக்குக் கோயமுத்தூரில் பெரிய ஆட்களாகப் பேசி வைத்திருந்தார். முதலாளியோ எங்கோ ஒரு சைட்டின் அடியில் இருந்த போன் நம்பரைக் காட்டி, இந்தத் தம்பியைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்.

"இது நல்லூர்ல ஒரு சின்ன யூனிட்டுங்க. என் மொத சைட்டு."

நெட் வழக்கம்போல முக்கி முனகியது. படம் மேலிருந்து துண்டு துண்டாக இறங்கியது. முதலில் ஒரு குல்லா, பிறகு நெற்றி, பிறகு இரண்டு கண், கடைசியில் பல் முளைக்காத ஒரு சிரிப்பு. குட்டி பனியனில் ஒரு கைக்குழந்தை. படத்துக்குக் கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது.

"எழுத்தெல்லாம் எதுக்குங்க இந்த ஓட்டம் ஓடுது? படிக்கறதுக்குள்ள பஸ்ஸே போயிரும்" என்றார் ரத்தினசாமி.

"அப்ப அதுதாங்க ஃபேஷன்."

ஆறுச்சாமி எழுத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. "அடுத்தது?" என்றார்.

"இது காதர்பேட்டை வியாபாரிங்க. முருகன் படம் சுத்திக்கிட்டே இருக்கணும்னுட்டாரு."

மூலையில் முருகன் மயிலோடு விடாமல் சுற்றினார். நடுவில் பாவாடை போட்ட குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நடக்கப் பழகிருச்சு" என்று முணுமுணுத்தார் ஆறுச்சாமி.

மூன்றாவது தாராபுரம் ரோட்டுக் கம்பெனி. பையன்கள் டி-ஷர்ட்.

ரத்தினசாமி குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இது பொம்பளப் புள்ளையாட்டல்ல இருக்குது?"

"ஜடையத் தொப்பிக்குள்ள மறைச்சுட்டோங்க."

"அட, அதே புள்ளை! எல்லாச் சைட்டுக்கும் ஒரே புள்ளையா?"

"என் பொண்ணுதாங்க. மாடலுக்குக் குடுக்க அப்பக் கையில காசில்ல. இவள்னா ஒரு தேன்மிட்டாய்க்கு நாள் பூரா நிப்பா."

ரத்தினசாமி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆறுச்சாமி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதுல எளச்சிருக்குதே தம்பி?"

"அம்மை போட்டு எந்திரிச்ச நேரங்க."

"யாரு பாத்துக்கிட்டாங்க?"

"அவங்கம்மாதாங்க. ஒத்தையாளா."

ஆறுச்சாமி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு, "கழுத்துப் பட்டி ரிப் லூசா இருக்குது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"பாத்தீங்களா, சார் கண்ணு எங்க போகுதுன்னு!" ரத்தினசாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. "போட்டிக் கம்பெனி சைட்டு ஒண்ணுவிடாமப் பாப்பாருங்க. மத்தியானம் கதவச் சாத்திட்டு ஒக்காந்தாருன்னா சோத்து நெனப்பே வராது. காதர்பேட்டையில கடை போட்ட காலத்துல இருந்தே, பக்கத்துக் கடைச் சரக்கப் பாக்காமத் தூங்க மாட்டாராம். சார், நம்ம சைட்டுக்காச்சும் பெங்களூர்ல இருந்து நல்ல மாடலாக் கொண்டாந்தறலாங்க."

"இந்தப் பாப்பாவே இருக்கட்டும்."

"வெளிநாட்டுப் பையருங்க பாக்கறது சார்…"

"ரத்தினசாமி, போயி ரெண்டு டீ சொல்லுங்க."

ரத்தினசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்தியதும் கீழே தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஞாயித்துக்கெழம போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்றார் ஆறுச்சாமி. "சர்ச்சுக்குப் போயிட்டு மெதுவா வாங்க."

"சரிங்க."

"ஸ்டுடியோவெல்லாம் வேண்டாம். என்ற ஊட்லயே எடுத்துக்கலாம். வாசல்ல நல்ல வெளிச்சம் இருக்குது."

"சரிங்க."

"பாப்பாவத் தனியாக் கூட்டிட்டு வந்தறாதீங்க. புது எடம், அழுவும். அவங்கம்மாளும் வரோணும்."

ஆரோக்கியராஜ் கீபோர்டைத் தள்ளி வைத்தான். தலையை மட்டும் ஆட்டினான். எப்போது எழுந்துபோய் வீட்டுக்குப் போன் போடுவோம் என்றிருந்தது.

ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. காசில்லாதப்ப உங்க புள்ளையப் போட்டீங்க, சரி. அப்புறம் நாலு காசு பாத்தீங்கல்ல? அதுக்கப்புறமும் எல்லாத்துலயும் ஏனுங்க இந்தப் பாப்பாவே?"

ஆரோக்கியராஜ் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"போட்டிக் கம்பெனி சைட்டுன்னா அப்பா ஒண்ணுவிடாமப் பாப்பாருன்னு உங்க மக சொன்னா. பேத்திய உங்க கண்ணுல காட்ட எங்களுக்கு வேற வழி தெரியலைங்க, மாமா."