தோளில் ஏறிய துண்டு

"பண்ணையார் வேலதான் டாக்டரய்யா! எங்க கெணத்துல வெசத்தக் கலந்துட்டாரு!"

வைரக்கண்ணு போட்ட சத்தத்தில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் அவனுடைய மகள், ஒரு வயது பூங்கோதை, வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். கடைவாயில் வழிந்த நுரையைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டான்.

ஒரு காலத்தில் பண்ணையார் பஞ்சாபகேசனைக் கண்டால் அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டிய துண்டு அது. விவசாயக் கூலிகளின் சங்கம் வந்துதான் தோளுக்கு ஏறியது. அதன்பிறகு அவன் அதை யாருக்காகவும் இறக்கியதில்லை.

"அவருக்கு உங்க மேல என்ன கோவம்?" ஊசி போட்டபடியே டாக்டர் கேட்டார்.

"நெல உச்சவரம்புச் சட்டத்துல அவரு நெலத்த எடுத்து எனக்குப் பட்டா குடுத்துட்டாங்கள்ல, அந்த வயித்தெரிச்சல்."

"அந்தக் கெணத்துத் தண்ணிய நீங்க குடிக்கலியா?"

"எல்லாருந்தான் குடிச்சோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே!" என்று அழுதாள் அவன் மனைவி அம்சம்.

டாக்டர் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். "இது பயிருக்கு அடிக்கிற மருந்து. வீட்டுல இருக்கா?"

"டின்ன வீட்டுப்பக்கமே கொண்டாரமாட்டேங்க. நேத்து சாயங்காலம் வயலுக்கு அடிச்சேன். வாய்க்கால்ல முழுகி, வேட்டிய மாத்திக்கிட்டுத்தான் புள்ளையத் தொட்டேன். என் தோள்ல போட்டாத்தான் அவ தூங்குவா."

"அடிக்கிறப்ப மூக்க மூடிக்கிட்டீங்களா?"

"மூடாமயா? சொந்த நெலங்க. ஆளு நல்லா இருந்தாத்தான வெள்ளாம பாக்கலாம்? இந்தத் துண்டத்தான்..."

மறுபடியும் நுரையைத் துடைக்கக் குனிந்தவனின் கையை டாக்டர் பிடித்துக்கொண்டார். துண்டை முகர்ந்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இத அலசலியா?"

வைரக்கண்ணு துண்டைப் பார்த்தான். குளிக்கும்போது அதை மட்டும் நனையாமல் கரையில் வைத்திருந்தான். வீட்டுக்குப் பண்ணையார் தெரு வழியாகத்தானே போகவேண்டும், ஈரத்துண்டு தோளில் எடுப்பாக நிற்குமா?

"கெணத்துல யாரும் எதுவும் போடல" என்றார் டாக்டர் மெதுவாக. "மொதல்ல அத எறக்குங்க."

பாவி, பெற்ற பிள்ளைக்கு நானே எமனாகிவிட்டேனே என்று பதறியபடி வைரக்கண்ணு துண்டைத் தோளிலிருந்து இறக்கினான். ராத்திரி முழுக்கப் பூங்கோதை சப்பிக்கொண்டே தூங்கிய முனை, இன்னும் எச்சில் ஈரமாக இருந்தது.