மூன்றாவது மேரி

"ஒரே அப்பா, ஒரே அம்மா, ஆறு வருஷத்துல மூணு மேரி. எந்த ஊர்ல நடக்கும் பிரபா?"

டீம் லீடர் ஸ்ரீவத்ஸன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே ஆளை வேலையிலிருந்து அனுப்பத் தெரிந்தவர். மருத்துவமனை பில் பிரிவிலிருந்து போன வாரம்தான் இங்கே மாறி வந்திருந்தார்.

கூடுவாஞ்சேரியில் இரண்டாவது மாடி ஆபீஸ். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து சர்ச்சின் பழைய பதிவேடுகள் படமாக வரும். அதைப் பார்த்து டைப் அடிக்க வேண்டும். தன் வம்சத்தைத் தேடும் வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே காத்திருக்கிறார்.

"ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கே. இந்த மாசம் இது மூணாவது தப்பு. மூணு ஆச்சுன்னா வேலை கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா இது தப்பில்ல. அதுல அப்டிதான் கீது."

"முதல் மேரியை மட்டும் வெச்சுட்டு மத்த ரெண்டையும் எடுத்துடு. நானும் கண்டுக்காம விட்டுடறேன்."

"எடுக்க மாட்டேன் சார்."

ஸ்ரீவத்ஸனுக்கு எரிச்சல் வந்தது. காலையில் எல்லோருமாகக் கைதட்டி அவளை வெட்ட வைத்த பிறந்தநாள் கேக்கில் அவள் பங்கு, கீபோர்டு பக்கத்தில் தொடாமலே காய்ந்துகொண்டிருந்தது. முப்பத்து நாலு வயசுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று நினைத்துக்கொண்டார்.

"ஞானஸ்நானப் பதிவை மட்டும் பாக்கறீங்க. சாவுப் பதிவையும் பாருங்க சார்."

பிரபா அடுத்த படத்தைத் திறந்தாள். மேரி, எட்டு மாதம். இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு மேரி, ஒரு வயது. இரண்டிலும் அதே அப்பா பெயர்.

"மூணாவதுதான் பொழைச்சா. நீங்க சொன்ன மாதிரி எடுத்திருந்தா செத்தவதான் மிஞ்சியிருப்பா."

ஸ்ரீவத்ஸன் இரண்டு முறை படித்தார். பிறகு, தப்பு என்று போட்டிருந்த குறியை அழித்தார்.

"செத்த குழந்தை பேரை அடுத்ததுக்கு வைப்பாங்கன்னு உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

"எனக்கு முன்னாடி ஒரு அக்கா பொறந்து ஒன்றரை வயசுல போயிட்டா சார். என்னிய ஸ்கூல்ல சேக்கறப்போ வூட்ல இருந்தது அவ பர்த் சர்டிபிகேட்தான். அதைக் காட்டியே சேத்துட்டாங்க, பிரபான்ற பேரும் அவளுதுதான்" என்றவள், கேக்கை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "இன்னிக்குப் பொறந்த நாளும் அவளுக்குத்தான்."