தீப்பெட்டிக்காரர் வீட்டுச் சம்பந்தம்

"கேஸ் லைட்டரை ஒளிச்சி வைம்மா. அவங்க தாத்தா கண்ணுல பட்டா என் கல்யாணம் அவ்ளோதான்" என்றாள் நந்தினி.

அம்சவல்லிக்கும் தெரியும். பையன் வீட்டார் சாத்தூரில் மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டி கம்பெனி நடத்துகிறவர்கள். லைட்டர் வந்துதான் தொழில் படுத்தது என்று பெரியவருக்குத் தீராத கோபம். மூத்த பேரனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் லைட்டரைக் கண்டு, காபியைத் தொடாமலே எழுந்து வந்தவராம். அம்சவல்லி அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள்.

பெண் பார்க்க வந்து, அவர்களுடைய நெய்வேலி குவார்ட்டர்ஸின் சின்ன ஹாலில் உட்கார்ந்ததுமே பெரியவர் ஆரம்பித்துவிட்டார். "எங்கய்யா வீட்டு முத்தத்துல நாலு பேர வச்சு குச்சி அடுக்குனாரு..."

சமையலறையில் அம்சவல்லி குச்சியை உரசினாள். அவர்கள் கம்பெனிப் பெட்டிதான், கடை கடையாகத் தேடி வாங்கியது. ஒரு குச்சியும் பற்றவில்லை. நிமிர்ந்தால், பையனின் அம்மா செல்வக்கனி நிற்கிறாள்.

"பெட்டி நல்ல பெட்டிதாங்க. நான்தான் ஜன்னலோரம் வச்சிட்டேன், மழையில நமுத்துப்போச்சி."

செல்வக்கனி ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நேராகப் போய் அரிசி டப்பாவைத் திறந்து கையை விட்டாள். லைட்டர் வெளியே வந்தது.

"உங்களுக்கு எப்படி..." என்றாள் அம்சவல்லி.

"மாமா அடுப்படிப் பக்கம் வந்தா நானும் அரிசிக்குள்ளதான் போடுவேன்." செல்வக்கனி அடுப்பைப் பற்ற வைத்தாள். "பாலை வைங்க, மதினி."