காலை 5.52

ரத்தம் எடுக்கப் போன மனைவி கொடுத்துவிட்டுப் போன அவளுடைய கைபேசி பேருந்து ஓட்டுநரின் உள்ளங்கை வியர்வையில் வழுக்குகிறது. காத்திருப்புக் கூடத்தின் குழல்விளக்கு அதன் திரையில் வெள்ளைக் கோடாக விழுந்து கிடக்கிறது. எதிர்ச்சுவரில் டோக்கன் எண் மாறும்போதெல்லாம் மணி அடிக்கிறது. அவள் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவு மருத்துவமனைச் செயலியிலேயே வந்துவிடுமாம். டாக்டர் கூப்பிடுவதற்குள் தான் பார்த்துவிட்டால் அவளுக்குப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறார். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த விரல் ஒரு சின்னப் பொத்தானை அமுக்க மூன்று தடவை தடுமாறுகிறது. முடிவு வந்திருக்கிறது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து: ‘பார்க்கப்பட்டது, இன்று காலை 5.52.’ ஆறு மணிக்குத்தான் அவள் அவரை உலுக்கி எழுப்பி, வாஷிங் மெஷின் முன்னால் நிறுத்தி, எந்தப் பொத்தான் எதற்கு என்று பாடம் எடுத்தாள். “இந்த வயசுல எனக்கு எதுக்குடி இது?” என்று அவர் கொட்டாவி விட்டார். அவள் சிரித்தாள். அறிக்கையைத் திறக்காமல் விரல் அந்தரத்தில் நிற்கிறது. தெரிந்த செருப்புச் சத்தம் நெருங்குகிறது. முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டே அவள் பக்கத்தில் உட்காருகிறாள். “என்னங்க, ஏதாவது வந்துச்சா?” “இன்னும் வரலம்மா.” அவள் தலையாட்டிக்கொள்கிறாள். சுவரில் மணி அடிக்கிறது. “சரி, காலையில சொன்னேனே... சோப்புத்தூள் போட்டதும் முதல்ல எந்த பட்டன்?”